காதில் விழுந்த கசகசா

செங்கமலம் செத்துப்போன அன்று காலையில் அடுப்படியிலிருந்து ஏதோ சொன்னாள். பெரியநாயகம், "உம், சரி" என்றார். என்ன சொன்னாள் என்று அவருக்குக் கேட்கவில்லை.

குன்னூருக்கு மேலே, மூடிக் கிடக்கும் ஒரு பழைய தேயிலை ஃபாக்டரியை ஒட்டி முப்பத்திரண்டு வீடுகள் உண்டு. அந்த வரிசைக்கு ஃபாக்டரி லைன் என்று பெயர். அதில் கடைசி வீட்டில் இருந்த பெரியநாயகம் முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து உருட்டும் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றவர். நின்ற வாக்கில் மிஷின் அவருடைய இடது பக்கம் இருந்ததால், அந்தக் காதை அது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. வீட்டிலே அவர் நாற்காலி போட்டிருந்த இடத்தில் அடுப்படியும் இடது பக்கமே அமைந்துவிட்டது, நாற்காலியை மாற்றிப் போடலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அவள் சொல்லுவாள், அவர் "உம்" என்பார். "காதுல விழுந்துச்சா?" என்பாள். "விழுந்துச்சு" என்பார். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். இப்படியே அவர்கள் முப்பத்தி நாலு வருஷம் குடும்பம் நடத்தினார்கள், பெரிய குறை ஒன்றும் வரவில்லை.

அன்றைக்கும் அப்படித்தான். "உம், சரி", "விழுந்துச்சு." கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்கப் போனவர், அரிசி டின்னில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் போன பிறகுதான் அது அவருக்கு உறைத்தது. அவள் எதையோ கேட்டிருக்கிறாள், நான் சரி என்று சொல்லியிருக்கிறேன். எதற்கு? சுவருக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருப்பாளோ என்று வெள்ளையடித்தார். பிடி கழன்ற டிரங்குப் பெட்டியைப் பற்றவைத்து வந்தார். ஏதாவது நேர்ச்சை பாக்கி இருக்குமோ என்று பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அவள் தம்பிக்கு, தவறு யார் பக்கம் என்று எழுதாமல், நலம் விசாரித்து ஒரு கடிதம் போட்டார். ஒவ்வொன்றையும் செய்து முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, இதுவாக இருக்குமா என்று அடுப்படியைப் பார்ப்பார். அடுப்படி ஒன்றும் சொல்லாது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அலமாரியைத் துடைக்கும்போது அவளுடைய கசகசா டப்பா கைக்கு வந்தது. திறந்தால் வண்டு. குருமாவும் பாயசமும் இல்லாத வீட்டில் கசகசா எதற்கு என்று, கொல்லையில் சாக்கடை ஓரமாகக் கொட்டிவிட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தார். அதோடு மறந்தும் போனார்.

தை மாதத்துப் பனியில், புல்லெல்லாம் கருகிக் கிடந்தபோது, அந்தச் சாக்கடை ஓரம் மட்டும் பச்சைக்கும் சாம்பலுக்கும் நடுவான ஒரு நிறத்தில் செடிகள் எழும்பின. வழவழவென்று தண்டு, தண்டைச் சுற்றிக் கட்டிப் பிடித்துக்கொண்ட இலை. மொட்டெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்து, விரியும் அன்று மட்டும் நிமிர்ந்தன. கழுவின பட்டுச் சேலை மாதிரி கசங்கலோடு இளஞ்சிவப்பில் விரிந்து, இரண்டாம் நாளே உதிர்ந்துவிடும் பூ.

பக்கத்து வீட்டு லூர்துமேரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "அண்ணே, இது பாப்பி! நான் வேலை பார்த்த பங்களாவுல துரைசாணியம்மா தொட்டியில வச்சிருந்தாங்க. உங்க மூஞ்சிக்கு இப்படி ஒரு தோட்டமா?" என்றாள்.

பூ உதிர்ந்த இடத்தில் தலையில் கிரீடம் வைத்த சின்னக் குடம் போலக் காய் நின்றது. அது காய்ந்து கிரீடத்துக்குக் கீழே ஊசிமுனை அளவு ஜன்னல்கள் திறந்த நாளில், முதல் காயை அவர் கிள்ளிக் குலுக்கிப் பார்த்தார். சத்தம் கேட்கிறதா என்று யோசனையில்லாமல் இடது காதுப் பக்கம் கவிழ்த்தார். கசகசா பொலபொலவென்று காதுக்குள் விழுந்தது.

"ஏங்க, இந்த ஊர்ல எப்பவும் இப்படித்தான் குளிருமா? எனக்குப் பல்லு கிட்டுது" என்றாள் செங்கமலம்.

அது அவள் கல்யாணமாகி வந்த முதல் வாரத்துக் குரல். பெரியநாயகம் திடுக்கிடவில்லை. அடுப்படிக் கதவு திறந்திருக்கிறதா என்று மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டு, "உம்" என்றார்.

அடுத்த காயை, கேட்கும் காதாயிற்றே என்று வலது காதில் கவிழ்த்தார். வெறும் சரசரப்பு, மழை ஓய்ந்த தகரத்தில் இலை உரசுகிற மாதிரி. அவளுடைய ஒரு நாள் அப்படி வீணாய்ப் போனது. அவள் பேசியதெல்லாம் இடது காதுக்கு, விழ வேண்டியதும் அங்கேதான் என்று அதன் பிறகு அவருக்குப் புரிந்தது. ஒரு காய் ஒரு தடவைதான் பேசும், யார் காதில் விழுகிறதோ அவருக்குத்தான் கேட்கும். செடிகளோ பருவம் பார்க்காமல் ஒன்றன் பின் ஒன்றாக, அவள் வாழ்ந்த வரிசையிலேயே முளைத்தன. சுவர் ஓரத்தில் புதுப்பெண். அதை அடுத்து, பிறந்து நாற்பது நாளில் போன பிள்ளைக்காக மூக்கைச் சிந்தியவள். அதற்குப் பின் தக்காளி விலையைத் திட்டியவள். அப்படியென்றால் கடைசியாகப் பூக்கும் பூவில் அந்தக் கடைசிக் காலை இருக்கிறது என்று பெரியநாயகம் கணக்குப் போட்டார், காத்திருந்தார்.

"காதுக்குள்ள கசகசாவைப் போட்டுக்கிட்டு என்னண்ணே பண்றீங்க, தாளிக்கப் போறீங்களா?" என்று லூர்துமேரி ஒரு நாள் கேட்டாள். அவர் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. பிறகு வீட்டுக்குள் போய்ப் பரண் மேல் ஏறி, மூன்று வருஷத்துக்கு முன் செத்துப்போன தன் அக்காவின் சாமான் மூட்டையை அவிழ்த்து, அடியிலிருந்து கசகசா முடிந்த ஒரு துணியை எடுத்தாள்.

அவளுக்கு முதல் காய் காய்ந்த அன்று வரிசையே வேலிக்கு வெளியே நின்றது. அவள் காதில் கவிழ்த்தாள், முகம் சிவந்தது. "என்னடி சொல்றா?" என்று எல்லோரும் கேட்டார்கள். "என்னத்தைச் சொல்லுவா? உன் வாயைக் கொஞ்சம் மூடினா உன் புருஷன் வீட்டுக்கு நேரத்தோட வருவான்ங்கிறா. செத்தும் இவ திருந்தலை" என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்து ஓவென்று அழுதாள்.

அதன் பிறகு அந்த ஊரில் செத்தவர்களின் டப்பாக்கள் தேடப்பட்டன. பாத்திரம் பங்கு போட்டபோது சண்டையிடாத அண்ணன் தம்பிகள் எல்லாம் இப்போது அம்மாவின் கசகசாவுக்குச் சண்டையிட்டார்கள். டப்பாவைக் கழுவிப் புதிதாக நிரப்பிவிட்ட மருமகள்களை மாமனார்கள் வருத்தமாகப் பார்த்தார்கள். கடை வைத்திருந்த இபுராஹிம் பாயிடம் போய், "பாய், உங்க கசகசால யாரு பேசுவா?" என்று கேட்டால், "விக்கிறவன் பேச்சு விழாதும்மா, ஆக்கிறவ பேச்சுதான் விழும். நீ வாங்கிட்டுப் போய் ஆக்கு, உனக்குப் பின்னாடி அவங்க கேப்பாங்க" என்பார்.

முப்பத்திரண்டு கொல்லைகளிலும் வெள்ளையும் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பூ நின்றது. ரகசியம் கிடைக்கும், மன்னிப்புக் கிடைக்கும் என்று நினைத்து நட்டவர்களுக்கெல்லாம் அடுப்படிப் பேச்சே கிடைத்தது. உப்புப் பாரு. பால் பொங்குது. தேங்காயோட சேத்து அரைக்காதே, தனியா ஊற வை. கை நனைக்காமப் போறியே, ஒரு வாய் சாப்பிட்டுப் போ. முதலில் ஏமாந்தவர்கள் பிறகு, இதைத்தானே கேட்க ஏங்கினோம் என்று தெரிந்துகொண்டார்கள். வரிசையில் குருமாவின் ருசி கூடியது. பனி விலகிப் பதினோரு மணிக்கு வெயில் விழும்போது, வேலை வெட்டி இல்லாதவர்கள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு தங்கள் கொல்லையில் நிற்பதைப் பார்த்து, மேட்டுப்பாளையத்திலிருந்து காய்கறி லாரி ஓட்டிவந்தவன், "என்ன, லைன் முச்சூடும் கழுத்துப் பிடிப்பா?" என்று கேட்டான்.

இரண்டாம் பங்குனியில் பெரியநாயகத்தின் கொல்லையில் ஒரே ஒரு செடி மிஞ்சியது. அதில் ஒரே ஒரு மொட்டு. அதற்கு முந்திய காயில் அவள், சாவதற்கு முதல் நாள் சொன்ன, "நாளைக்கு ரேஷன்ல மண்ணெண்ணெய் ஊத்துறாங்களாம்" வந்துவிட்டது. அவர் தினம் காலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்த மொட்டுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். அது விரிந்தது, உதிர்ந்தது, பச்சையாய்க் காய் பிடித்தது.

அந்த வாரம்தான் வீட்டுத் தோட்டப் போட்டிக்கு மார்க் போடத் தோட்டக்கலை அதிகாரி வந்தார். மலையிலே வருஷா வருஷம் நடப்பதுதான். லூர்துமேரி யாரையும் கேட்காமல் வரிசை முழுவதற்கும் பெயர் கொடுத்திருந்தாள். அதிகாரி ஒவ்வொரு கொல்லையாக வந்து, ஆகா ஆகா என்று எழுதிக்கொண்டே வந்து, கடைசி வீட்டில் குனிந்து ஓர் இலையைத் தொட்டார். பேனாவை மூடினார். "இதை இங்கே யார் பாப்பி என்று சொன்னது?" என்று கேட்டார். எல்லோரும் லூர்துமேரியைப் பார்த்தார்கள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் சுகிர்தா இரண்டு ஜீப்போடு வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், உரக்கப் பேசத் தெரியாதவர். வரிசையைக் கூட்டி வைத்துப் பொறுமையாகச் சொன்னார்: "பாப்பியில பல ஜாதி இருக்கு. தண்டுல ரோமம் இருந்து, இலை கிழிஞ்ச மாதிரி இருந்தா அது அழகுக்கு வைக்கிறது, நீங்க வாசல் நெடுக வைக்கலாம், யாரும் கேக்க மாட்டோம். தண்டு வழவழன்னு, இலை சாம்பல் பூத்து, இப்படித் தண்டைக் கட்டிப் பிடிச்சிருந்தா அது அபினிச் செடி. லைசென்ஸ் இல்லாம வைக்கக் கூடாது. குத்தம்."

"கட்டிப் பிடிச்சாக் குத்தமா மேடம்? என் வீட்டுக்காரர் காலத்துக்கும் அந்தக் குத்தத்தைப் பண்ணதில்லை" என்றாள் லூர்துமேரி. கூட்டம் சிரித்தது. இன்ஸ்பெக்டரும் சிரிப்பை அடக்கக் குனிந்தார்.

"கசகசாதானுங்களே? கடையிலே விக்கிறேனே?" என்றார் இபுராஹிம் பாய்.

"விதையா இருந்தா மளிகை, பாய். செடியா நின்னா கேஸ். நான் எழுதின சட்டம் இல்லை."

பிடுங்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கொல்லையிலும் யாராவது ஒருவர், இன்னும் காயாத காய்களைப் பார்த்துக்கொண்டு, ஊருக்குப் போகிறவரை பஸ் ஏற்றிவிட்டு நிற்பது போல நின்றார்கள். கடைசி வீட்டுக்கு வந்து பறிமுதல் மகஜர் எழுதும்போது இன்ஸ்பெக்டர் பெரியநாயகத்தின் இடது பக்கத்தில் நின்றார். முப்பத்திரண்டு வீடுகளின் கொல்லையிலும் இருந்த அத்தனை செடியும் முதலில் இவருடைய கொல்லையில் ஆரம்பித்ததாகச் சொல்கிறார்களே, எல்லாவற்றையும் வளர்த்தது இவர்தானா என்று வாசித்துக் கேட்டார். பெரியநாயகத்தின் கண் அந்த ஒற்றைப் பச்சைக் காயின் மேலேயே இருந்தது.

"உம், சரி" என்றார்.

"ஐயா, காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

எழுதிக்கொண்டார்கள். "அண்ணே, என்ன காரியம் பண்ணீங்க!" என்று லூர்துமேரி அவர் வலது காதில் கத்திய பிறகுதான், முப்பத்திரண்டு வீட்டுக் குற்றத்தையும் தான் ஏற்றுக்கொண்டது அவருக்குத் தெரிந்தது. அவர் அதை மறுக்கவில்லை. அவர் கேட்டது வேறு.

"அம்மா, எல்லாத்தையும் கொளுத்துங்க. இந்த ஒண்ணு மட்டும் காயட்டும். இதுல ஒரு வார்த்தை இருக்கு. நான் சரின்னு சொல்லிட்டேன், எதுக்குன்னு தெரியாது."

இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார். கதையை முழுக்க லூர்துமேரி இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருந்தாள். "செடியில விட்டுட்டுப் போக எனக்கு அதிகாரம் இல்லைங்கய்யா" என்றார். பிறகு மெதுவாக, "ஆனா தொண்டிப் பொருளா ஒண்ணு சாட்சிக்கு எடுத்து சீல் வைக்கணும். எதை எடுக்கணும்னு சட்டத்துல சொல்லலை" என்றார்.

"நிமிர்த்தி வைங்கம்மா. காஞ்சா ஜன்னல் திறந்துக்கும். சாஞ்சா கொட்டிரும். தரையில கொட்டினா யார் காதுலயும் விழாது."

அப்படித்தான் அந்தக் காய் காம்போடு ஒரு கண்ணாடி டம்ளரில் நின்று, துணி கட்டி, அரக்கு வைத்து, நம்பர் எழுதி, ஸ்டேஷன் அலமாரிக்குள் போனது. ஜாமீனில் வந்த பெரியநாயகம் தினம் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு. மற்றவர்களுக்கு அது தண்டனை. அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஒன்பதரைக்கே போய்விடுவார். கையெழுத்துப் போட்டுவிட்டு, அலமாரிக்கு எதிர் பெஞ்சில், இடது பக்கம் அலமாரி வருகிற மாதிரி உட்காருவார். "நிமிர்ந்து இருக்காம்மா?" என்பார். "இருக்குய்யா" என்பார் இன்ஸ்பெக்டர். ஒரு நாள் அலமாரியை மாற்றி வைக்க நாலு பேர் தூக்கியபோது அவரும் ஒரு மூலையைப் பிடித்து, "மெதுவா, மெதுவா" என்று கர்ப்பிணியைக் கைப்பிடித்து நடத்துகிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். கோடை போய் மழை வந்தது. அலமாரிக்குள் அது காய்ந்துகொண்டிருந்தது.

கோர்ட்டில் நீதிபதி வலது பக்கம் வரச் சொல்லிக் கேட்டார். "நீர் இதை விதைத்தீரா?"

"கொட்டினேனுங்க."

"கொட்டுவது வேறு, விதைப்பது வேறு. எதற்காகக் கொட்டினீர்?"

"வண்டு இருந்துச்சுங்க."

"தானாகக் கொட்டினீரா, யாராவது சொல்லிக் கொட்டினீரா?"

பெரியநாயகம் யோசித்தார். "யாரும் சொன்ன மாதிரி இல்லீங்க" என்றார்.

"சரி. மற்ற முப்பத்தியோரு வீட்டிலும் நீர்தான் கொட்டினீரா?"

அவர் வாயைத் திறக்கும் முன் பின்னாலிருந்து லூர்துமேரி எழுந்தாள். "ஐயா, எங்க வீட்டுக் கசகசாவுலயும் வண்டு. நானேதான் கொட்டினேன்." அவளை ஒட்டி இபுராஹிம் பாயின் சம்சாரம் எழுந்தாள். பிறகு வரிசையே எழுந்து நின்றது.

"முப்பத்திரண்டு வீட்டிலும் ஒரே சமயத்தில் வண்டு விழுந்ததாக்கும்?"

"மலையில ஈரம் ஜாஸ்திங்க ஐயா" என்றாள் லூர்துமேரி.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அழுக்கு ஒன்றும் இல்லை. விதைத்ததற்கு அத்தாட்சி இல்லை, எச்சரித்து விடப்படுகிறது, தொண்டிப் பொருளை எதிரியான பெரியநாயகத்தின் முன்னிலையில் எரித்துவிட வேண்டும் என்று தீர்ப்பானது.

ஸ்டேஷனுக்குப் பின்னால், சவுக்கு மரங்களுக்கு நடுவில், முற்பகல் வெயிலில் ஒரு தகரப் பீப்பாயில் நெருப்பு மூட்டினார்கள். வரிசைக்காரர்கள் மதிலோரம் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் சுகிர்தா அரக்கை உடைத்து, துணியை அவிழ்த்து, டம்ளரை ஆடாமல் தூக்கினார். காய் பழுப்பாகி நிமிர்ந்து நின்றது. ஜன்னல்கள் திறந்திருந்தன. "எரிக்கச் சொன்னது காயைத்தான். விதை மளிகை" என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிவிட்டுப் பெரியநாயகத்திடம் கொடுத்தார்.

பெரியநாயகம் காயைக் காம்போடு எடுத்துப் பிடித்தார். காசியா ராமேஸ்வரமா, தம்பியா, அவளுடைய கம்மலை யாருக்காவது கொடுக்கச் சொன்னாளா, எதுவானாலும் நாளைக்கே கிளம்பிவிடுவது என்று மனதுக்குள் பையைக் கட்டி வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, இடது காதில் கவிழ்த்தார்.

"ஏங்க, கசகசா டப்பாவுல வண்டு விழுந்துருச்சு. எடுத்துக் கொல்லையில கொட்டிருங்க, என்ன?" என்றாள் செங்கமலம். பின்னாலே பால் கொதிக்கிற சத்தம் கேட்டது. அவருடைய குரலே தூரத்தில் "உம், சரி" என்றது.

அவ்வளவுதான். அதைத்தான் கேட்டிருக்கிறாள். அதை அவர் எப்போதோ செய்துவிட்டார். அவளுக்காகச் செய்ய வேண்டியது இனி ஒன்றும் பாக்கி இல்லை. மனதுக்குள் கட்டின பையை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் அவர் நின்றார்.

காயின் அடியில் இன்னும் நாலைந்து விதை ஒட்டியிருந்தது. அதுவும் விழுந்தது.

"காதுல விழுந்துச்சா?" என்றாள்.

"ஐயா, என்ன சொன்னாங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "அண்ணே, சொல்லுங்கண்ணே" என்றாள் லூர்துமேரி. பீப்பாயில் நெருப்பு தாழ்ந்துகொண்டு வந்தது. பெரியநாயகம் காலிக் காயைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வாயின் நுனி வரைக்கும் வந்த பதிலைப் பல்லைக் கடித்து உள்ளேயே நிறுத்திக்கொண்டார். விழுந்தது என்று சொல்லிவிட்டால் அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.